நாக்கு தேடிய குழி

சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த பழைய பல் கேப்பை, பல்லுக்கு மேல் மாட்டும் அந்த உறையை, விரல் நுனியில் எடுத்த மாத்திரத்திலேயே அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று பூங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. தெரியக்கூடாது என்பதுதான் அவள் தொழிலின் விதி. டப்பாவின் மேல் ஓர் எண் ஒட்டியிருந்தது. கீழ்த்தாடை, வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல். ஆயுள் முடிந்தது, புதியது தேவை. அவ்வளவுதான். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஆணா பெண்ணா என்றுகூடக் கிடையாது. சேலத்தில் அந்த லேபில் இருபத்திரண்டு வருடமாகப் பல் செய்கிறாள். ஆயிரக்கணக்கான வாய்களுக்குச் செய்து அனுப்பியிருக்கிறாள். ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கேப்பைத் திருப்பி நாக்குப் பக்கத்தை விளக்குக்குக் காட்டினாள். விளிம்புக்குச் சற்று மேலே, கடுகில் பாதி அளவுக்கு ஒரு குழி. அதை டப்பாவில் வைத்து மூடினாள். எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்தாள். பிறகு புதிய கேப்புக்காக வந்திருந்த ஸ்கேனைத் திரையில் திறந்தாள்.

மேல்வரிசை முன்பல்லில் ஓரம் உடைந்திருந்தது. கல்யாணமான மறுவாரம், மேட்டூர் அணைப் பூங்காவில், சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டி வீரம் காட்டியதில் உடைந்த பல். கீழே இடப்பக்கம் ஒரு பல் இப்போது இல்லை. ஈறு இறங்கியிருந்தது. எந்த ஊரிலோ ஒரு டாக்டர் வாய்க்குள் கேமராவை விட்டு எடுத்த படம். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவள் பார்க்கும் கணவன் மாதேஷ், அவன் பல்வரிசையாக மட்டும் திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தான்.

பல்லுக்குப் போடும் பொருள்கள் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. தங்கம், எஃகு, பீங்கான், சிர்கோனியா. உடம்பு இவற்றோடு சண்டை போடாது என்பதுதான் இவற்றின் பெருமை. விருந்தாளியைப் பொறுத்துக்கொள்வதுபோலப் பொறுத்துக்கொள்ளும். பதின்மூன்று வருடங்களுக்கு முன் வந்த உயிர்ப்பீங்கான் விருந்துக்கு வரவில்லை, வாழ வந்தது. எச்சிலில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் மற்ற உப்புகளையும் தானாக இழுத்து, வாரத்துக்கு ஒரு படலமாகத் தன்மேல் படியவைத்துக்கொள்ளும். மென்று தேய்ந்த இடம் மறுபடி நிரம்பும். கீறல் விழுந்தால் ஆறும். பன்னிரண்டு வருடத்தில் தடித்துப்போய் கடியின் உயரத்தை மாற்றிவிடும் என்பது ஒன்றுதான் குறை. அப்போது கழற்றி, செய்த லேபுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

பிறகுதான் இன்னொன்று தெரியவந்தது. படலம் படலமாக வளரும் எதுவும் ஞாபகம் வைத்திருக்கும். எந்த வாரம் என்ன தண்ணீர் குடித்தான், எந்த மாதம் காய்ச்சலில் கிடந்தான், எப்போது குடியை விட்டான், எப்போது மறுபடி தொட்டான் என்று கேப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் வந்தார்கள். ஒரு லாரி கம்பெனி ஓட்டுநர்களின் பழைய கேப்புகளை வாங்கி வெட்டிப் பார்த்து நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. குடும்ப நீதிமன்றத்தில் ஒருவர் தன் மனைவியின் கேப்பைச் சாட்சியாக நீட்டினார். அதன்பின் சட்டம் வந்தது. உரியவர் கையெழுத்தில்லாமல் யாரும் படலத்தைப் படிக்கக் கூடாது. திரும்பி வரும் கேப்பை மூன்று நாளுக்குள் லேபே அரைத்துப் பொடியாக்கிவிட வேண்டும்.

அன்று ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமை. புதன் மாலைவரை அவளுக்கு நேரம் இருந்தது.

*

பின்னறையில் ஃபர்ஹானா நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக வரும் பொருளை வெட்டிப் பார்த்துத் தரம் சொல்வது அவள் வேலை. லேபுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது.

"என்னக்கா, திரும்பி வந்ததா? அரைக்கிற டப்பால போடுங்க."

"நாக்குப் பக்கம் பாரு."

இட்லியை நகர்த்திவிட்டுப் பார்த்தாள். "குழி. செய்யும்போதே விட்டுட்டாங்க. எந்தப் புண்ணியவான் செஞ்சது?"

"நான்தான்."

"போங்கக்கா. உங்க கேப்பு ஒண்ணுகூட குறைன்னு திரும்பி வந்ததில்லன்னு தாமோதரன் சார் சேலம் ஜில்லா முழுக்கச் சொல்லிட்டுத் திரியறாரு."

"தெரிஞ்சே வச்ச குழி. எங்க வீட்டுக்காரருக்கு."

ஃபர்ஹானா நிமிர்ந்தாள். பூங்கொடிக்குக் கணவன் உண்டு, வெளியூரில் இருக்கிறார் என்பதுவரை லேபில் எல்லோருக்கும் தெரியும். எந்த வெளியூர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாதது என்று அவள் முகத்திலேயே எழுதியிருக்கும்.

அது நடந்த கதை சாதாரணமானது. அப்போதெல்லாம் வாரம் ஆறு நாள் பூங்கொடி சேலத்தில் விடுதியில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தர்மபுரி தாண்டி, தொட்டமரத்தள்ளிக்குப் போவாள். மாதேஷுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகி, உயிர்ப்பீங்கான் கேப் போடுவதென்று முடிவானபோது அவளே செய்தாள். மெருகு போட்டு முடித்த பிறகு என்ன தோன்றியதோ, நுண்ணிய முனையால் நாக்குப் பக்கத்தில் ஒரு குழி போட்டாள். முடி அளவு மேடு பள்ளத்தையும் நாக்கு விடாது. தேடித் தேடிப் போகும்.

"என்னடி இது, நாக்கு அங்கயே போய் நிக்குது?" என்றான் அடுத்த ஞாயிறு.

"நான் இல்லாத ஆறு நாளும் தேடட்டும்னுதான்."

"ஓஹோ, தாலி உனக்கு, பல்லு எனக்கா."

"ரொம்ப ஆடாதீங்க. இது வளர்ற பல்லு. ரெண்டு வருஷத்துல குழி தானா தூந்துடும்."

"பாக்கலாம்" என்றான்.

ஃபர்ஹானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேப்பைத் திருப்பிப் பார்த்தாள். "இப்ப என்ன செய்யணுங்கறீங்க? வெட்டணுமா?"

"உனக்கு வேலை போயிடும். தெரியும். அதனால கேக்கல. சும்மா காட்டினேன்."

"சும்மா காட்டறவங்க கதவத் தாழ்ப்பாள் போட்டுட்டு வரமாட்டாங்க" என்றாள் ஃபர்ஹானா. பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது அவளுக்கே நினைவில்லை.

"அவரு காணாமப்போயி ஏழு வருஷம் முடிஞ்சதும் எங்கண்ணன் வக்கீல்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு. தகவல் இல்லன்னா செத்ததா எழுதிக்கலாமாம். நான் கையெழுத்து போடல. செத்தாருன்னு சொல்ல ஆதாரம் வேணுமில்லன்னு கேட்டேன். அப்ப அண்ணன் சொல்லிச்சு, உயிரோட இருக்காருன்னு சொல்ல மட்டும் உங்கிட்ட ஆதாரம் இருக்கான்னு."

"இருக்குக்கா. செத்தவங்க புது கேப்பு ஆர்டர் பண்ணமாட்டாங்க."

பூங்கொடி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க இருந்தாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும். நல்ல தண்ணி குடிச்சாரான்னு."

*

தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தொட்டமரத்தள்ளி நிலத்தடிப் பாறையில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தைகள் குடித்தால் முளைக்கிற பல் மஞ்சளும் பழுப்புமாகக் கறைபட்டு வரும். வயதானவர்களுக்கு முட்டி மடங்காது. அதனால் ஏரிக்கரை ஓரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து தரும் நிலையம் ஒன்று வைத்தார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்து நடத்தினார். அதை இயக்கும் வேலை மாதேஷுக்கு. தினமும் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இரண்டாம் வருடமே வடிகட்டும் சவ்வு கெட்டுவிட்டது. மாதேஷ் ஒப்பந்தக்காரரிடம் போனான். அடுத்த மாதம் என்றார். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார். நிலையத்தை மூடினால் உன் வேலையும் மூடும் என்றார். மாதேஷ் பதிவேட்டில் நல்ல எண்களை எழுத ஆரம்பித்தான். நாலு வருடம் எழுதினான். அவன் வீட்டிலும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பூங்கொடியிடம் சொல்லவில்லை.

அந்த ஜூலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல் மருத்துவ முகாம். ஊர்க்காரி என்பதால் பூங்கொடியும் டாக்டர்களுக்கு உதவியாக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் வந்த குழந்தைகள் வாயைத் திறந்தன. பத்தாவது பிள்ளையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பல்லின் நிறத்தைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவதுதான் அவள் பிழைப்பு. தலைமையாசிரியர், தலைவர், தாய்மார்கள் எல்லோரும் நின்றிருந்த இடத்தில், உரக்கவே சொன்னாள்.

"இது நாலு வருஷக் கறை. சுத்தம் பண்ணின தண்ணி குடிச்ச புள்ளைக்கு இப்படி வராது. எழுதி வச்சிருக்கறது பொய்யா இருக்கலாம். பல்லு பொய் சொல்லாது."

சொல்லி முடித்த பிறகுதான் யார் எழுதியது என்ற நினைப்பு வந்தது. கதவோரம் மாதேஷ் நின்றிருந்தான். முகாமுக்குத் தண்ணீர்க் குடம் கொண்டு வந்தவன். குடத்தை இறக்கி வைத்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. மறுநாள் விடிந்தபோது அவன் ஊரில் இல்லை.

அதன்பிறகு ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. நிலையம் பூட்டப்பட்டது; அதன் சாவி ஒன்று மாதேஷோடு போயிருந்தது. அதன் வாசலில், அதே கிணற்றின்மேல் இருந்த கைப்பம்புக்கு, குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் விழுந்த பால்பல்லைக் கூரைமேல் எறியாமல் பூங்கொடியிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள், பல் டாக்டரம்மா கேட்டாங்க என்று. விசாரணைக்கு உதவும் என்று அவள் சேர்த்து வைத்தாள். விசாரணை வரவில்லை. பற்கள் மட்டும் ஒரு தகர டப்பாவில், லேபில் அவள் அலமாரியில், பதினோரு வருடமாக இருந்தன. ஒவ்வொரு ஜூலை முதல் வாரமும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், அந்தப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, முடிந்தவர்களுக்குக் கேப்பும் பூச்சும் போட ஏற்பாடு செய்துவிட்டு வருவாள். வருடத்தில் அந்த ஒரு வாரம்தான், நிலையத்திலிருந்து இரண்டு வயல் தள்ளி இருந்த அவர்கள் வீட்டில் விளக்கெரியும்.

*

மாலை ஐந்து மணிக்கு லேபில் எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் ஃபர்ஹானா கேப்பை இரண்டாக வெட்டினாள். குழி இருந்த பாதியை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றப் பாதியைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டித் தேய்த்தாள். திரையில் மரத்தின் வளையங்களைப் போல வரிகள் தெரிந்தன.

"உள்ளே இருக்கறது பழசு. வெளிய வர வரப் புதுசு" என்று விரலால் காட்டினாள். "மொத வருஷம் முழுக்கப் பழுப்பு. ஃப்ளோரைடு தண்ணி."

"ஊர்ல இருந்தப்ப."

"அப்புறம் வெள்ளை. இது என்னன்னா..." உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணுமே இல்லக்கா. எந்த ஊர்ப் பாறையும் இல்ல, ஆறும் இல்ல. கேன் தண்ணி. மிஷின்ல எல்லாத்தையும் புடுங்கிட்டு விடற தண்ணி. இதக் குடிக்கறவரு திருப்பூர்லயும் இருக்கலாம், துபாய்லயும் இருக்கலாம். சுத்தமான தண்ணிக்கு ஊர் கிடையாது."

பூங்கொடி நாற்காலியில் சாய்ந்தாள். நல்ல தண்ணீர் குடித்தானா என்று கேட்டாள், குடித்திருக்கிறான். ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் கை வெறுமையாக இருந்தது.

"இருங்க" என்றாள் ஃபர்ஹானா. "இங்க ஒரு பழுப்புக் கோடு. மெல்லிசா. ஒரு வாரத்துப் படலம்தான்." எண்ண ஆரம்பித்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "அம்பத்திரண்டு படலம் தள்ளி இன்னொண்ணு. மறுபடி அம்பத்திரண்டு." கடைசிவரை எண்ணினாள். "பத்து கோடு இருக்கு. வருஷத்துக்கு ஒண்ணு. ஒரே வாரம். கடைசிக் கோட்டுலேர்ந்து வெளி விளிம்பு வரைக்கும் நாப்பது படலம். அப்படின்னா..."

"ஜூலை மொத வாரம்" என்றாள் பூங்கொடி.

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்து வந்தாள். ஃபர்ஹானா ஒரு பால்பல்லைத் தேய்த்துப் பக்கத்தில் வைத்து அளந்தாள். ஃப்ளோரைடு மட்டும் ஒத்துப்போனால் சொல்ல முடியாது, அது எத்தனையோ ஊரில் இருக்கிறது. மற்ற உப்புகளும் அதே விகிதத்தில் இருந்தன. ஒரே கிணறு.

"வேற யாராவது அந்தத் தண்ணியக் குடிக்கறாங்களாக்கா?"

"மாடுகூடக் குடிக்காது."

"அப்ப அவரு ஏன் குடிக்கணும்? வர்றவரு வீட்டுக்கு வந்து நல்ல தண்ணி குடிக்கலாமில்ல?"

"அது புள்ளைங்க குடிச்ச தண்ணி" என்றாள் பூங்கொடி. பத்து ஜூலைகள். இரண்டு வயல் தாண்டி அவள் வீட்டில் விளக்கெரிந்த பத்து வாரங்கள்.

*

செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனாள். நிறுத்தத்தில் சாலம்மா முருங்கைக்கீரைக் கட்டோடு நின்றிருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன் வரிசையில் வந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு அம்மா.

"என்னா பல்லு டாக்டரம்மா, ஜூலைக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குதே."

"சும்மா வந்தேன்க்கா. புள்ள எப்படி இருக்கா?"

"கல்யாணம் பேசியாச்சு. பல்லு கறைன்னு மாப்ள வீட்ல இழுத்தாங்க. நீயே வந்து மாப்ள மூஞ்சியப் பாரு, அதுக்கு எங்க புள்ள பல்லு எவ்ளோ தேவலாம்." சாலம்மா சிரித்துவிட்டுக் கீரைக்கட்டை இடுப்பில் மாற்றினாள். "உன் வீட்டுக்காரன் ஒருத்தன்தான் வெட்கப்பட்டு ஓடினான். அந்த கான்ட்ராக்ட்காரன் போன மாசம் வந்து எங்க தெருவுக்கு சிமென்ட் ரோடு போட்டுட்டுப் போறான். மாலை போட்டாங்க அவனுக்கு."

"அவரு வந்தா ஊரு ஏத்துக்குமா அக்கா?"

"வந்தாத்தானே திட்ட முடியும்" என்றாள் சாலம்மா. "திட்டறதுக்குன்னு நான் எத்தன வருஷமா எடுத்து வச்சிருக்கேன். ஆளு வந்தா ஒரு நாள் திட்டுவேன். மறுநாள் கீர குடுப்பேன்."

நிலையத்தைச் சுற்றி வேலிக்காத்தான் மண்டியிருந்தது. கைப்பம்பின் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகியிருந்தது. பதினோரு வருடம் யாரும் தொடாத பம்பு துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். பூங்கொடி கைப்பிடியைப் பிடித்து இறக்கினாள். அலுங்காமல் இறங்கியது. நாலைந்து முறை அடித்ததும் தண்ணீர் கொட்டியது. தலைப்பகுதியின் மூடியில் ஒரே ஒரு போல்ட்தான். அதைக் கழற்றும் விதத்தைப் புதுமணப்பெண்ணாக இருந்தபோது மாதேஷ் காட்டித் தந்திருக்கிறான். ஊர் பம்பெல்லாம் உன் புருஷன் கையில என்று பெருமையடித்த காலம் அது. மூடியைத் திறந்தாள். கைப்பிடியையும் உள்ளே இறங்கும் கம்பியையும் இணைக்கிற சங்கிலியில் கிரீஸ் பூசியிருந்தது. தடவிய விரலின் தடம் அதில் இன்னும் இருந்தது.

நிலையத்தின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

*

புதன்கிழமை தாமோதரன் அவளைக் கூப்பிட்டார். லேபின் சொந்தக்காரர். எந்நேரமும் வாயில் கிராம்பு ஒன்றை ஒதுக்கிவைத்திருப்பார். பல்வலி இல்லாதவர்.

"உட்காரும்மா. ஃபர்ஹானா எல்லாம் சொல்லிட்டா. சொல்லலன்னா ராத்திரி தூக்கம் வராதாம் அவளுக்கு."

"தப்பு என்னுதுதான் சார்."

"தப்ப அப்புறம் பாப்போம்." கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "அந்த கிளினிக் டாக்டரு எனக்குத் தெரிஞ்சவரு. அடுத்த வெள்ளிக்கிழமை புது கேப்பு மாட்ட வரச் சொல்லியிருப்பாரு. ஒரு போன் போட்டா எந்த ஊரு, எத்தன மணின்னு சொல்லிடுவாரு. நீ போய் வெளிய பெஞ்சுல உக்காந்துக்க. வாயெல்லாம் பஞ்சு அடைச்சு வெளிய வருவான், உன்னப் பாத்து ஓடக்கூட முடியாது. நான் சட்டத்த மீறி இருபது வருஷம் ஆகுது. ஒரு தடவ மீறிக்கறேன்."

பூங்கொடி மேசைமேல் இருந்த போனைப் பார்த்தாள். அடுத்த வெள்ளி. ஒன்பது நாள். பதினோரு வருடம் போன இடத்தில் ஒன்பது நாள். பெஞ்சில் தான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கதவு திறப்பது தெரிந்தது. அவன் முகம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கதவோரத்தில், குடத்தை இறக்கி வைத்தபோது இருந்த அதே முகம்.

"வேணாம் சார்."

"ஏம்மா?"

"ஒருவாட்டி பல்ல வச்சு அவர ஊருக்கு நடுவுல புடிச்சுக் குடுத்தேன். தெரியாமச் செஞ்சேன். இப்பத் தெரிஞ்சே செய்ய முடியாது." போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "பத்து வருஷமா வாசல் வரைக்கும் வந்திருக்காரு சார். மிச்சம் ரெண்டு வயல்தான். அத அவருதான் நடக்கணும்" என்றாள்.

தாமோதரன் கிராம்பைக் கடித்தார். "சரி. பழசு ரெண்டு பாதியும் சாயங்காலத்துக்குள்ள அரைச்சாகணும். புதுச நீயே செய்" என்றார்.

அரைக்கும் முன் ஃபர்ஹானா குழி இருந்த பாதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி உள்ளே வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அக்கா, இத நேத்தே பாத்திருக்கணும். இந்தக் குழி இன்னிக்கு இருக்கவே கூடாது."

"நானும் தூந்துடும்னுதான் சொன்னேன். தேய்மானமா இருக்கும்னு நெனச்சேன்."

"நாக்குப் பக்கம் எது தேய்க்கும்? பாருங்க. ஒவ்வொரு வாரத்துப் படலமும் குழி வரைக்கும் வருது. ஓரத்துல வந்து நிக்குது. உள்ளே இறங்க விடல. பளிங்கு மாதிரி மெருகு." குரலைத் தாழ்த்தினாள். "படியறதுக்கு முன்னாடியே ஏதோ தடவித் தடவி எடுத்துடுது. தினம். ஒரு வாரம் விட்டிருந்தாக்கூட ஒரு படலம் உள்ள இறங்கியிருக்கும். எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணுகூட இறங்கல."

பாக்கலாம், என்று சொல்லியிருந்தான்.

பூங்கொடி கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் ஃபர்ஹானா முகத்தைப் பார்க்க நேரும். அரைக்கும் இயந்திரம் ஓடி நின்றபோது அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி மிஞ்சியது.

அன்றும் மறுநாளும் புதிய கேப்பைச் செய்தாள். கடியின் உயரம், பக்கத்துப் பல்லைத் தொடும் இடம், நிறம், எல்லாம் சரியாக வந்தன. மெருகு போட்டாள். தர அறிக்கையில் 'குறையில்லை' என்று எழுதிய பிறகு நுண்ணிய முனையை எடுத்து, நாக்குப் பக்கத்தில், விளிம்புக்குச் சற்று மேலே, பழைய இடத்திலேயே ஒரு குழி போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அந்த அறிக்கை.

இரண்டு வாரம் கழித்து கிளினிக்கிலிருந்து வழக்கமான சீட்டு வந்தது. 'பொருந்தியது. மாற்றம் தேவையில்லை.' கீழே டாக்டர் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார். 'நாக்குப் பக்கம் சிறு குழி ஒன்று உள்ளது, கவனிக்கவும். நிரப்பித் தருகிறேன் என்றேன். நோயாளி வேண்டாம் என்றார்.'

தாமோதரன் சீட்டை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

*

ஜூலை முதல் வாரம் பூங்கொடி ஊருக்குப் போனாள். முதல் வேலையாக ஏரிக்கரைக்குப் போய், பம்பின் தலைமூடியைத் திறந்து, சங்கிலியைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மூடியை முன்போலவே பொருத்தி போல்ட்டை இறுக்கினாள். இனி யார் எத்தனை முறை அடித்தாலும் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு சொட்டு வராது.

முகாமில் நாள் முழுக்க வேலை. ராஜகுமாரிபோல் அலங்கரித்துக்கொண்டு சாலம்மா மகள் வந்தாள். கறை தெரியச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன் பூச்சு வேண்டுமா என்று கேட்டதற்கு, "மாமா இதுக்கே பழகிட்டாருக்கா, மாத்தினா அடையாளம் தெரியாது" என்றாள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் விடியும் நேரம். பூங்கொடி வாசல் தெளித்துவிட்டு, குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் முறை என்பதால் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். ஏரிப்பக்கம் இன்னும் மூட்டம் கலையவில்லை. காற்று இல்லாத அந்த நேரத்தில் சத்தம் தெளிவாகக் கேட்டது. இரும்பு இரும்பில் மோதும் வெற்றுச் சத்தம். கைப்பிடி இறங்கியது, ஏறியது. மறுபடி இறங்கியது. பிறகு வேகமாக ஏழெட்டு முறை. பிறகு நின்றுவிட்டது. போல்ட் கழலும் கிறீச்சொலி மட்டும் வந்தது. மூடி திறக்கும் சத்தம். அதன்பின் வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை.

குடம் நிரம்பி வழிந்தது. பூங்கொடி குழாயை மூடினாள். சங்கிலி சுற்றிய துணியை நிலைப்படியில் வைத்தாள். உள்ளே போய், அலமாரியின் பின்னால் பதினோரு வருடமாக இருந்த மாதேஷின் சொம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். வெளியே வரப்பில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. இரண்டாம் வயல் மேட்டருகே அது நின்றது. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அது மறுபடி கிளம்பியது, வாசலை நோக்கி.